ஆம்ப்ரோஸின் அலமாரியில் பதித்த சிங்க்

லைமன் டீபோ எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். தாண்டியவர்களின் வீட்டுக் குழாய்களையெல்லாம் அவர்தான் போட்டுக் கொடுத்தார். வெர்மான்ட்டின் அந்தப் பள்ளத்தாக்கில் குழாயைத் திறந்ததும் தண்ணீர் வருகிறதென்றால் அதில் பாதி அவர் கைபட்டது. இதை அவரே சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். ஒற்றை ரென்ச்சோடு ஆரம்பித்து, கதவில் சொந்தப் பெயர் எழுதிய வண்டிகள் வரை வந்த மனிதர் சொல்லாமல் வேறு யார் சொல்வது? செய்த வேலையைச் சரிபார்க்க எந்த வீட்டுக்கும் இரண்டாம் தடவை போனதில்லை என்பது அவருடைய பெரிய பெருமை.

அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு அக்டோபர் சனிக்கிழமை, சொந்தச் சமையலறையில், ஒரே வேலையை இரண்டாம் தடவை செய்ய வேண்டி வந்தது.

அவர் மனைவி ஈனிட் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த சிங்க் வந்திருந்தது. பண்ணை வீடுகளில் வைப்பார்களே, முன்பக்கம் அலமாரியை விட்டுத் துருத்திக்கொண்டு நிற்கிற வெள்ளைச் சிங்க். சூளையில் சுட்ட களிமண்; கன்றுக்குட்டி கனம். அதைப் பதிக்க வேண்டுமானால் சமையல் மேடைக்கு அடியிலுள்ள அலமாரியின் முகப்பை மேலிருந்து பாதிவரை வெட்டியாக வேண்டும். அந்த அலமாரியோ ஈனிட்டின் அப்பா ஆம்ப்ரோஸ் தன் கையால் செர்ரி மரத்தில் செய்தது. வயதாக ஆகச் சிவந்து, கருஞ்சிவப்பாகியிருந்தது. கிழவர் சாகும்வரை லைமனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “எம்பொண்ணு கட்டிக்கிட்ட குழாய்க்காரன்” என்பார். “மரவேலை வேற, குழாய்வேலை வேற” என்பார்.

காலையில், மாதா கோயிலில் கோழிக்கறியை மாவுக்குள் அடைத்துச் சுடுகிற ‘பை’ விருந்துக்கு மாவு பிசையக் கிளம்பும்போது ஈனிட் வாசலில் நின்று சொன்னாள்:

“முதல்ல சிங்க்கைப் பெட்டியிலருந்து எடு. எடுத்து அள. அப்புறம் ரம்பத்தைத் தொடு. இன்னொண்ணு செஞ்சு குடுக்க அப்பா வரமாட்டாரு.”

“யாருக்குச் சொல்லித் தர்றே நீ?”

“உனக்குத்தான். விருந்து முடிஞ்சதும் பரிமாறுற பொம்பளைங்க எல்லாரையும் சிங்க் பாக்கக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டேன். ஞாபகம் வெச்சுக்கோ.”

பெட்டியைத் தூக்கப் பக்கத்துப் பண்ணை க்ளைட் வர வேண்டும். க்ளைட்டின் பசு ஒன்று கன்று போட நேரம் எடுத்துக்கொண்டது. லைமன் காத்திருந்தார். காபி குடித்தார். சிங்க்கோடு வந்த அளவுக் காகிதத்தை விரித்துப் பார்த்தார். எஃகுச் சிங்க் எத்தனையோ வைத்த கை. அதில் காகிதம் என்ன சொல்கிறதோ அதுதான் சிங்க். காகிதத்தை முகப்பில் ஒட்டினார், கோடு போட்டார், வெட்டினார். வெட்டு நூல் பிடித்ததுபோல் வந்தது. வெட்டி எடுத்த பலகையை விறகுப் பெட்டியில் போட்டுவிட்டு, கனம் தாங்க அடியில் சட்டம் அடித்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. சீட்டியடித்தார்.

பிற்பகலில் க்ளைட் வந்து, குளிர்கிறது என்று அடுப்பில் விறகு போட்டான். இருவருமாகப் பெட்டியைப் பிரித்துச் சிங்க்கைத் தூக்கி உள்ளே தள்ளினார்கள். சீட்டி நின்றது.

களிமண் சூளையில் சுருங்கும். ஒன்று சுருங்கியதுபோல் இன்னொன்று சுருங்காது. இது காகிதத்திலிருந்த அளவை விடக் கூடவே சுருங்கியிருந்தது. இரண்டு பக்கமும் பென்சிலைச் சொருகலாம்போல இடைவெளி.

“கொஞ்சம் தொளதொளன்னு இருக்கு போலயே, லைமன்.”

“அது மூச்சு விட எடம்.”

“எங்க மாட்டுக்கொட்டாய்லயே இவ்வளவு எடம் கெடையாதுப்பா.” க்ளைட் குனிந்து பார்த்தான். “வெள்ளைப் பசையை அப்பிடு. யாரு குனிஞ்சு பாக்கப்போறா?”

“ஈனிட் குனியவே வேணாம். கதவுகிட்ட நின்னே பாத்துடுவா.”

இடைவெளியை அடைக்கப் புது செர்ரிப் பலகையில் மெல்லிய பட்டை அறுத்து வைத்தால் வெளிறித் தெரியும். அதே மரம், அதே வயது, அதே நிறம் வேண்டும். லைமன் விறகுப் பெட்டியைப் பார்த்தார். காலி.

“இங்க ஒரு பலகை இருந்துச்சே.”

க்ளைட் அடுப்பைப் பார்த்தான். “விறகுப் பெட்டியில இருந்தா விறகுதானே.”

லைமன் வெறுங்கையால் அடுப்புக் கதவைத் திறந்தார். விரல் சுட்டது தெரியவில்லை. பலகையின் ஒரு முனை கரியாகிவிட்டது. மறுமுனையில் தீ இன்னும் தொடவில்லை. இடுக்கியால் இழுத்து, வாசலுக்கு வெளியே பனிப்புல்லில் போட்டு மிதித்தார். மிச்சம் இரண்டு பட்டைக்குத்தான் காணும். ஒன்று பிசகினாலும் அவ்வளவுதான்.

க்ளைட்டை முனகவிட்டுச் சிங்க்கை மறுபடி வெளியே எடுத்தார். இடைவெளியை உள்பக்கமிருந்து அளக்க டார்ச்சோடு அலமாரிக்குள் தலையை விட்டார். விட்ட தலை வெளியே வரவில்லை.

“என்னய்யா, மாட்டிக்கிட்டியா?”

இடது ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, இரண்டு விரல்கடை அகலத்தில் ஒரு ஒட்டு. ரேகை ஓட்டம் வேறாக இருந்தது; விளிம்பில் பழம்பசை பழுப்பாகக் காய்ந்திருந்தது. வெளியே வந்து அதே இடத்தை விரலால் தடவினார். ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வருஷமாகத் தினமும் இதன் முன்னால் நின்று காபி குடித்திருக்கிறார். ஆம்ப்ரோஸ் கிழவரும் அளவு தப்பி வெட்டியிருக்கிறார்.

அதில் நிம்மதி வரவேண்டும். வரவில்லை. இப்போது கிழவரின் ஒட்டுக்குப் பக்கத்திலேயே தன் ஒட்டு நிற்கப்போகிறது.

பட்டைகளை அறுத்தார். பக்கவாட்டில் மட்டும் இழைத்தார். முகப்பில் இழைப்புளி பட்டால் நிறம் போய்விடும். வலப்பட்டை முதல் தடவையே உட்கார்ந்தது. இடப்பட்டை மயிரிழை தூக்கியது. க்ளைட் “போதும் விடு” என்றான். லைமன் எடுத்து மறுபடி இழைத்தார், வைத்தார், எடுத்தார். ஒட்டிச் சிங்க்கை உள்ளே தள்ளி நிமிரும்போது வாசலில் கார் வெளிச்சம் விழுந்தது.

பெண்கள் கோழி வாசனையோடு உள்ளே வந்தார்கள். “அடேயப்பா, இதுல கொழந்தையையே குளிப்பாட்டலாம்” என்றாள் ஒருத்தி. ஈனிட் சிங்க்கைப் பார்க்கவில்லை. இடது ஓரத்தில் கட்டைவிரலை வைத்து மெதுவாகக் கீழே இறக்கினாள். லைமன் சுட்ட விரல்களைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பெண்கள் கோட்டைக் கழற்ற நகர்ந்ததும் அவள் கேட்டாள்:

“காகிதத்தை வெச்சு வெட்டினியா?”

“ஆமா.”

வேலையில் தப்பு என்று அவர் வாயால் ஒத்துக்கொண்டதை அவள் கேட்டதில்லை. கட்டைவிரலைப் பழைய ஒட்டின் மேல் கொண்டுபோனாள்.

“அப்பாவோட ஒட்டு இதைவிட அகலம்.”

“உனக்குத் தெரியுமா?”

“பசை காயுற வரைக்கும் அழுத்திப் பிடிச்சுட்டு நின்னது யாருன்னு நெனச்சே? அப்ப எனக்கு எட்டு வயசு. யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னு மேப்பிள் மிட்டாய் குடுத்தாரு.”

“எங்கிட்டகூட நீ சொல்லலையே.”

“சொல்லியிருந்தா ஊரெல்லாம் சொல்லியிருப்பே.”

ஈனிட் கட்டைவிரலைப் புதுப்பட்டையின் மேல் வைத்து அழுத்தினாள். பெண்கள் திரும்பி வரும்வரை எடுக்கவில்லை.

எதையும் நாலு பேரிடம் சொல்கிற மனிதர் இதை மட்டும் எங்கேயும் சொன்னதில்லை. யாராவது சிங்க்கைப் பாராட்டினால் கேட்டுக்கொள்வார், இடது ஓரத்தில் இடுப்பைச் சாய்த்தபடி.