எட்மோனின் விக்கலும் கல்யாணமும்

மாதலேன் சிரித்தால் கடைசிக் கட்டில்வரை தொற்றிக்கொள்ளும். பிழைக்கமாட்டார்கள் என்று டாக்டர்கள் கைவிட்டவர்கள் படுத்திருந்த வார்டு அது, வியட்நாமில் சைகோன் நகரத்துப் பிரெஞ்சு ஆஸ்பத்திரியில். வலியில் அலறினால்தான் மார்ஃபின் ஊசி போடுவேன் என்று சொன்ன டாக்டரிடம், "மனுஷன் கத்துனாத்தான் ஒங்களுக்குக் கணக்கா?" என்று சண்டை பிடித்து, நாலு மணிக்கு ஒருதரம் என்று எழுத வைத்தவள் அந்தக் காரைக்கால்காரி. நானும் அங்கே நர்ஸ்தான். எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை.

1955-இல், சைகோன் தெருக்களிலேயே சண்டை நடந்த நேரம், எட்மோனுக்கு விக்கல் பிடித்தது. எங்கள் ஊர்ப்பக்கத்துத் தமிழர், சுங்க அலுவலகக் குமாஸ்தா, ஈரலில் புற்றுநோய். வலி அடங்கியிருந்தது, விக்கல்தான் தூங்கவிடவில்லை. சர்க்கரை கொடுத்தோம், மூச்சடக்கச் சொன்னோம். கடைசியில் நம் ஊர் வைத்தியம்: திருட்டுப் பட்டம் கட்டி அதிரவைப்பது. மாதலேன்தான் ஆரம்பித்தாள்.

"எட்மோன் அண்ணே, சுங்கத்துல பிராந்தி போத்தலத் திருடுனீங்களாமே!"

அவர் முகம் வெளுத்தது. "ரெண்டே ரெண்டு... ஹிக்... யாரு சொன்னா?"

வார்டே உருண்டு புரண்டு சிரித்தது. விக்கல் மட்டும் நிற்கவில்லை.

பதினோராம் நாள் பிரான்சிலிருந்து புது ஊசி மருந்து வந்தது. போட்டதும் விக்கல் நின்றது. மனுஷனும் ஆறு மணி நேரம் அசந்து தூங்கிவிட்டார். அங்கேதான் சிக்கல். மறுநாள் பதினோரு மணிக்கு அவருக்குக் கல்யாணம். பதினாறு வருஷம் கூடவே வாழ்ந்த வியட்நாம்காரி லானை, மாதாகோயில் சாமியார் முன்னால் கைப்பிடிக்காமல் சாகமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

மாதலேன் விரல்விட்டு எண்ணி, விடியற்காலை நாலு மணிக்கே ஊசியைப் போட்டாள். பத்துக்கு விழித்தார், விக்கல் இல்லை. ஆனால் சண்டையில் பாலத்தை மறித்துவிட்டார்கள். சாமியார் வந்து சேரும்போது மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. அதற்குள் விக்கலும் வந்துவிட்டது. எனக்கு அழுகையே வந்தது.

"திரும்பப் போடட்டுமா அண்ணே?" என்று மாதலேன் கேட்டாள்.

"தூங்கிடுவேம்மா... ஹிக்... வேணாம்."

பிரெஞ்சில் சம்மதம் சொல்ல 'வீ' என்ற ஒரே எழுத்துதான். அதை நாலு தரம் விக்கல் விழுங்கியது. சாமியார் குனிந்து காதைக் கொடுத்தார். ஐந்தாம் தரம் வார்டே கேட்கும்படி விழுந்தது. லான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணெல்லாம் தண்ணீர்.

சிரித்துக்கொண்டே மாதலேன் ஊசியை எடுத்தாள். எட்மோன் கையை நீட்டித் தடுத்தார்.

"செத்த இரும்மா. எம் பொண்டாட்டிய... ஹிக்... இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."

மாதலேன் ஊசியைத் தட்டில் வைத்தாள். சாமியாரையும் சேர்த்து எங்கள் எல்லாரையும் வெளியே விரட்டினாள்.