ஆறாவது நிகழ்ச்சி, குறத்தி நடனம்

நான்காக மடித்த மஞ்சள் தாள் ஒன்று. மேலே பிள்ளையார் படம். அதன் கீழே தடித்த எழுத்தில் 'கலைநிகழ்ச்சி நிரல்', பிறகு கடவுள் வாழ்த்தில் தொடங்கி நன்றியுரையில் முடியும் பதினோரு வரிகள். மை பரவி எழுத்துகளுக்கு மீசை முளைத்திருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் முகப்பவுடரும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை வருகிறது. அது தாளில் இருக்கிறதா, என் தலைக்குள் இருக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. ஈப்போவில் மழை கட்டிக்கொண்டு நிற்கும் பிற்பகல்களில், மலை மேல் மேகம் இறங்கி வீட்டுக்குள் பாதி இருட்டாகும்போது, இந்தத் தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனைக்கு மாறாத காலத்துப் பால்மரத் தோட்டம் ஒன்று மெல்ல எழுந்து வரும். கோயில் திடலில் பலகை மேடை, பின்னால் உறுமும் ஜெனரேட்டர், சாயும் பொழுது. கட்டித் தொங்கவிட்ட சேலைத் திரைக்குப் பின்னால் சலங்கைகள் பொறுமையில்லாமல் சிணுங்கிக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்ட தாள்களை முப்பது ஆண்டுக்கு மேல் சேர்த்து வைத்தவர் ஒரு மைக்செட்காரர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். வாரநாளில் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, சனி ஞாயிறுகளில் மேடை அறிவிப்பாளர். தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா என்றாலும், ஈப்போ மண்டபத்தில் பரதநாட்டிய அரங்கேற்றம் என்றாலும், பெரும்பாலும் அவர் ஒலிபெருக்கி கட்டியிருப்பார், நான் மைக்கைப் பிடித்திருப்பேன். அவருடைய பழைய வேனில் குழாய் ஒலிபெருக்கிகளுக்கு நடுவே முழங்காலை மடக்கிக்கொண்டு போய் வந்த சாலைகள் இன்னும் என் கனவில் வருகின்றன. கனவில் அந்தச் சாலைகளுக்கு முடிவே இல்லை. பால்மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும், அண்ணன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்.

நிகழ்ச்சி தொடங்குமுன் ஆளுக்கொரு நிரல் வாங்கிக்கொள்வோம். என் தாளில் ஒரு புள்ளிகூட விழாது. அச்சில் உள்ளதை இம்மி பிசகாமல் படிப்பவள் என்று எனக்குப் பெயர் இருந்தது, அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அண்ணன் தாள் வேறு ரகம். காதில் செருகிய பென்சில் துண்டை எடுத்து, தாளை முழங்காலில் வைத்து, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எந்த கேசட், எந்தப் பக்கம், எங்கே சத்தத்தைக் கூட்ட வேண்டும் என்று அழுத்தி அழுத்தி எழுதுவார். நிகழ்ச்சி முடிவதற்குள் தாள் கோழி கிண்டிய குப்பைமேடாகிவிடும். "இப்படி அசிங்கம் பண்றீங்களே அண்ணே" என்று கேலி செய்தால், "ஒங்க தாளு மாப்பிள்ளை, டீச்சர். என் தாளு சமையக்காரன் லா. வேல செய்றவன் அழுக்காத்தான் இருப்பான்" என்பார். கூட்டம் கலைந்ததும் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

போன ஆண்டு அண்ணன் இறந்துபோனார். மதியம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவர் மனைவி, நான் அண்ணி என்று அழைப்பவர், செமோர் வீட்டுக்குக் கூப்பிட்டு மூன்று பெரிய பிஸ்கட் டின்களை என் முன்னால் வைத்தார். மூன்றிலும் நிரல்கள். ஈப்போவில் ஒரு கலைமன்றம் பழைய நிரல்களைக் கண்காட்சியாக வைக்கப்போகிறது என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"எல்லாத்தையும் எடுத்துக்குங்க டீச்சர். இங்க கெடந்தா கரையான்தான் படிக்கும். ஒண்ணே ஒண்ணு மட்டும் திருப்பிக் குடுத்துருங்க. நான் ஆடுன நிகழ்ச்சித் தாளு."

"நீங்க ஆடியிருக்கீங்களா அண்ணி?"

"ஒரே ஒரு தடவ. ஹுத்தான் மெலிந்தாங் பக்கம், எங்க தோட்டத்துத் திருவிழால. கல்யாணத்துக்கு முன்ன. மககிட்ட சொன்னா நம்ப மாட்டேங்குறா, சும்மா கத விடாதீங்கம்மாங்குறா. அந்தத் தாள்ல என் பேரு இருக்கு, காட்டணும்." சொல்லிவிட்டு என் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. கட்டாயம் தேடித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பழைய காகிதத்தைப் பாதுகாப்பது எப்படி என்று கைப்பேசியில் நான்கு காணொளி பார்த்ததும் நான் அரை வைத்தியர் ஆகிவிட்டேன். துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றினேன். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினேன். மடிப்புகளை நீவி, கனமான அகராதிகளுக்கு அடியில் வைத்து நிமிர்த்தினேன். கையோடு பென்சில் கிறுக்கல்களையும் அழித்தேன். நல்ல வெள்ளை அழிப்பான் வாங்கி, தாள் கிழியாமல், ஒரே திசையில், பொறுமையாக. கேசட் கணக்கு இனி யாருக்கு வேண்டும்? கண்காட்சிக்குப் போகிற தாள் சுத்தமாக இருக்க வேண்டாமா? முதல் டின்னை முடிக்க ஒரு வாரம் ஆனது. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது; உள்ளே நான் தாள் தாளாகத் துடைத்து, பூரித்துப்போய் அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் அண்ணியின் பெயரைத் தேடினேன். அச்சில் எங்கும் இல்லை.

இரண்டாவது டின்னில் தெலுக் இந்தான் நிகழ்ச்சித் தாள் ஒன்று. அழிப்பானை வைக்கப்போன இடத்தில், என்ன தோன்றியதோ, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். 'கரண்டு போச்சு. பிள்ளைங்க நிக்கல. சனங்க கைதட்ட, அதுக்கே ஆடி முடிச்சாங்க' என்று இருந்தது. அடுத்த தாளில், 'ராஜா வரல, தண்ணி போட்டுட்டாரு. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் ராஜா வேசம் கட்டுனாரு. நல்லா இருந்துச்சு'. அழிப்பானைக் கீழே வைத்தேன். பாட்டுக்கு முன்னால் கேசட் கணக்கு எழுதியவர், பாட்டுக்குப் பின்னால் நடந்ததை எழுதியிருக்கிறார். அச்சடித்தவன் நிகழ்ச்சிக்கு முன்பே அச்சடித்துவிடுகிறான். மேடையில் என்ன நடந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அதை எழுதி வைத்தவர் இவர் ஒருவர்தான். அதில் ஒரு டின் நிறைய நான் அழித்துத் தள்ளியிருந்தேன்.

முதல் டின் தாள்களை மறுபடியும் கொட்டி, ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டத்தின் மஞ்சள் தாளைத் தேடி எடுத்தேன். ஆறாவது நிகழ்ச்சி, குறத்தி நடனம். நேராக அந்தத் தோட்டத்துப் பெரிய கிராணியின், அதாவது தலைமை எழுத்தரின், மகள் பெயர். அதற்குப் பக்கத்தில் நான் துடைத்த வெறுமை. ஜன்னலுக்குக் கொண்டுபோய்த் தாளைச் சாய்த்துப் பிடித்தேன். அண்ணன் அழுத்தி எழுதும் வழக்கத்தால் பள்ளம் மட்டும் மிஞ்சியிருந்தது. கிராணி மகள் பெயரின் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் நான்கு எழுத்து. முதல் எழுத்து 'அ' என்று தெரிந்தது. அது அண்ணியின் பெயர்.

அப்போதுதான் அந்த மாலைப்பொழுது முழுசாக எனக்குள் வந்து நின்றது. சினிமா மாதிரி வரவில்லை, காய்ச்சலில் வருமே, அப்படி வந்தது. அண்ணன் ஒயரைத் தாண்டித் தாண்டி ஓடி வந்து மேடை ஓரத்தில் என்னிடம் சொல்கிறார்: "டீச்சர், கிராணி பொண்ணுக்குக் காய்ச்சல். ஆடப்போறது லயத்துல இருக்குற தொழிலாளி வீட்டுப் பொண்ணு. பேரக் கேட்டு மாத்திச் சொல்லிருங்க." முன்வரிசையில் கிராணி வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறார். நிரலை அச்சடித்துக் கொடுத்ததே அவர்தான். நான் என் சுத்தமான தாளைப் பார்த்துக்கொண்டு, "அச்சுல இப்படித்தான் அண்ணே இருக்கு" என்கிறேன். அச்சில் இருந்ததையே படித்தேன். திரை விலகியது. முகம் நிறையப் பூச்சும் கை நிறையக் கண்ணாடி வளையலுமாக ஒரு பெண் கூடையோடு வந்து, அந்தப் பலகைகள் அதிர ஆடினாள். இரண்டு ஆண்டு கழித்து அண்ணன் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு வாழ்த்துச் சொன்னபோதுகூட அது அவள்தான் என்று எனக்குத் தெரியாது. ஒரு பெண்ணின் பெயரை மைக்கில் ஒருமுறை விழுங்கினேன், தாளில் இன்னொருமுறை அழித்தேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாளே செமோருக்குப் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மழுப்பவில்லை. அவர் தாளை வாங்கி, அழிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"நான் எறங்குனப்போ வெளியூருலேருந்து வந்தவங்க எல்லாரும் கிராணி அய்யாவுக்குக் கை குடுத்துக்கிட்டு இருந்தாங்க டீச்சர். ஒங்க பொண்ணு பிரமாதம்னு. அவரும் சிரிச்சிக்கிட்டு வாங்கிக்கிட்டாரு. நான் சலங்கைய அவுத்து அவங்க பொட்டியில வெச்சேன். இவரு ஒயர சுருட்டிக்கிட்டே வந்து, ஒன் பேரு என்னான்னு கேட்டுத் தாள்ல எழுதிக்கிட்டாரு. அன்னிக்கு என் பேரக் கேட்டது அவரு ஒருத்தருதான்."

"இத்தனை வருசமா ஏன் அண்ணி என்கிட்ட கேக்கல?"

"நீங்க இங்க வந்து சாப்பிட ஒக்காரும்போதெல்லாம் கேக்கலாம்னுதான் நெனப்பேன். அப்புறம் கொழம்பு ஊத்தப் போயிருவேன்." லேசாகச் சிரித்தார். "தாப்பா லா, விடுங்க. அழாதீங்க." ஆனால் தாளை மகளிடம் காட்டவில்லை. காட்ட அதில் என்ன இருந்தது? மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன சனிக்கிழமை காலை கண்காட்சித் திறப்பு. மிச்சம் இரண்டு டின் தாள்களும் பென்சில் எழுத்தோடு கண்ணாடிக்குள் இருந்தன. மன்றத்தார் என்னையே அறிவிப்பாளராக நிற்கச் சொன்னார்கள். அழகாக அச்சடித்த நிரல் ஒன்றும் கொடுத்தார்கள். கடவுள் வாழ்த்தையும் வரவேற்புரையையும் வரிசைப்படி அறிவித்தேன். அடுத்து சிறப்பு விருந்தினர் உரை. விருந்தினர் சட்டையைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்துவிட்டார். நான் நிரலைக் கவிழ்த்து வைத்தேன். மூன்றாவது வரிசையில் மகளோடு உட்கார்ந்து அண்ணி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் திருவிழாவில் நான் தவறாக அறிவித்ததை இப்போது திருத்துகிறேன். ஆறாவது நிகழ்ச்சி, குறத்தி நடனம். வழங்குபவர், மூன்றாம் லயத்து முனியம்மாவின் மகள் அஞ்சலை."

சபைக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கொருவர் இங்கொருவராகக் கை தட்டினார்கள். மகள் திரும்பித் தாயைப் பார்த்தாள். நான் பெயரைச் சொன்னதோடு என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் பெயர் சொன்னால் மேடைக்கு வரவேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். அண்ணி கைப்பையை மகள் மடியில் வைத்தார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். நாற்காலிகளுக்கு நடுவே மெதுவாக நடந்து வந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறினார். தாங்கிப் பிடிக்க நான் நீட்டிய கையைக் கண்டுகொள்ளவே இல்லை. நடுமேடைக்குப் போய் நின்று, நிமிர்ந்து, கைகூப்பிச் சபையை வணங்கினார். முதலில் தட்டியது அவர் மகள்தான். பிறகு எல்லாரும் தட்டினார்கள். அது ஓயும்வரை நான் மைக்கில் வாயைத் திறக்கவில்லை.