கார் கட்டிய வேட்டி

ஐம்பது வயதுக்கு மேல் ஒருவனுக்கு என்ன வியாதி வரலாம் என்று டாக்டர்கள் சொல்லுகிற பட்டியலில் சிவப்புக் கார் இல்லை. எனக்கு அதுதான் வந்தது. செகண்ட் ஹேண்ட்தான். ஆனாலும் அதன் பானெட்டில் ஒரு தூசி விழுந்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

சங்கரன்கோவிலில் தூசிக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீடு விசைத்தறிக் கூடம். அங்கிருந்து பஞ்சு பறக்கும். பின் தெருவில் நூலுக்குக் கஞ்சி போடுகிற ஆலை. அதன் புகைபோக்கியிலிருந்து கரி உதிரும். நான் துண்டும் கையுமாகக் காரைச் சுற்றி வருவதைப் பார்த்து, கோயில் பிராகாரத்தைக்கூட நீங்கள் இத்தனை தடவை சுற்றியதில்லை என்றாள் என் மனைவி.

புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரம் செய்யும் அவள் தம்பி, நான் கார் வாங்கியதைக் கேட்டு, "அத்தானுக்கு சைக்கிளே ஜாஸ்தி" என்று சொன்னவன். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் விருந்து. அவன் வாசலில் கார் பளபளவென்று போய் நிற்க வேண்டும். அதற்காகவே அந்த வாரம் முழுக்க உயிரோடு இருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வானம் கறுத்தது. கார் கவரை முந்தின வாரமே காற்று கிழித்துவிட்டது. பதறிப்போய்த் தறிக்காரரிடம் ஓடினேன்.

"அண்ணாச்சி, தறியிலேருந்து இறங்கின வேட்டித் துணி இருக்கு. மொடமொடன்னு நிக்கும். கொண்டு போங்க," என்றார்.

மூன்று சுற்று சுற்றிக் கட்டினேன். கரை போட்ட துணி. தெருவில் போன ஒருவர், கார் எந்தக் கட்சியில் சேர்ந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போனார். ராத்திரி பெய்த மழையில் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த மொடமொடப்பு எங்கிருந்து வருகிறது என்று இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அத்தனையும் கஞ்சி. மழையில் கரைந்து, காலை வெயிலில் காய்ந்து, துணியை இழுத்தபோது அப்பளம் போல உரிந்து வந்தது. கஞ்சி மட்டும் காரிலேயே தங்கிவிட்டது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன்; கூழாகி, கண்ணாடிக்கும் பரவியது. அதன்மேல் தறிக்கூடத்துப் பஞ்சு வந்து ஒட்டியது. கார் பனியன் போட்டுக்கொண்டது. மனைவி அதற்குள் பட்டுச்சேலையோடு முன் சீட்டில் ஏறிவிட்டாள். முன் கண்ணாடியை மட்டும் சுரண்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

புளியங்குடியில் மச்சினன் காரைச் சுற்றி வந்தான். நகத்தால் சுரண்டினான். மோந்து பார்த்தான்.

"அத்தான், கஞ்சி போட்டாச்சு. இஸ்திரி எப்போ?"

தெருவே சிரித்தது. என் மனைவி முதல் ஆளாகச் சிரித்தாள். பாவம் பார்த்தோ என்னவோ, அவனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோட்டத்து ஹோஸைப் பிடித்து, எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவினான். கழுவக் கழுவச் சிவப்பு வெளியே வந்தது. அவன் சிரிப்பு மெல்ல அடங்கியது. தள்ளி நின்று பார்த்தான்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டா அத்தான்?"

வெயில் மண்டையைப் பிளந்தது. நான் வானத்தை அண்ணாந்து பார்த்தேன்.

"மழை வாற மாதிரி இருக்கே வே," என்று சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.