ஐசி கேட்ட பயிற்சி

சத்தியாக்கிரகம் பற்றி ஆய்வேடு எழுதியவன் நான். அடி விழுந்தாலும் கை ஓங்காமல் இருக்க ஆட்களை எப்படிப் பழக்குகிறார்கள் என்று நேரில் பார்த்ததில்லை. அதற்காகவே ஆகஸ்டில் சிங்கப்பூர் போனேன். அழைத்தவர் ஷாலினி. சென்னைக் கருத்தரங்கில் அறிமுகமானவர், சிங்கப்பூர்க் குடிமகள், துணைப்பாட ஆசிரியை. தொழிலாளர்களை லாரியின் பின்னால் ஏற்றிச் செல்வதை எதிர்த்து, ஞாயிறன்று, போராட்டத்துக்கென்றே ஒதுக்கப்பட்ட ஹொங் லிம் பூங்காவில் சிலர் மௌனமாக உட்காரப் போகிறார்கள். கூட்டத்துக்கான பதிவு அவர் பெயரில்.

சாங்கி விமான நிலையத்திலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு எம்ஆர்டி ரயிலில் முக்கால் மணி நேரம், கட்டணம் இரண்டு சிங்கப்பூர் வெள்ளி சொச்சம். தேக்கா சந்தை அருகே கடைக்கு மேல் ஓர் அறை. எட்டுப் பேர். ஜன்னல்கள் மூடியிருந்தன. ஏசிக்காக என்றார்கள். நம்பவில்லை.

ஒருவர் திட்ட வேண்டும். மற்றவர் கைகளைத் தொடைமேல் வைத்து அசையாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் பயிற்சி. என் எதிரே குணா, புக்கிட் பாத்தோக் பகுதிக்காரர், நாற்பது வயதிருக்கும். போலீஸ் வேடத்தை அளவுக்கு மீறி இயல்பாகச் செய்தார். உளவாளி என்று முடிவு கட்டி, இடைவேளையில் ஷாலினியிடம் சொன்னேன்.

"அவர் காண்டோ செக்யூரிட்டி லா. தினமும் நாலு பேர விசாரிக்கிறதுதான் வேலையே."

அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலாளியாம். அதையும் நம்பவில்லை.

அடுத்த சுற்றில் குணா, "ஐசி காட்டுங்க" என்று அடையாள அட்டை கேட்டார். கை தானாகப் பாஸ்போர்ட்டை எடுத்தது. இந்தியப் பாஸ்போர்ட். வெளிநாட்டவன் என்று அதுவரை அங்கே யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. குணா வேடத்தைக் கலைத்துவிட்டு ஷாலினியைப் பார்த்தார்.

"ஃபாரினர் ஒருத்தர் உட்கார்ந்தா போதும், தங்கச்சி. உன் பேர்லதான் வந்து விடியும்."

பூங்காவுக்கு வர மாட்டேன் என்றேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பின்னாலிருந்த பெண் என்னிடம், "உங்கள யார் அனுப்பினது?" என்றார்.

என் கைகள் தொடைமேல் இல்லை. எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரப் பயிற்சி, ஒரே கேள்வியில் போயிற்று. ஷாலினி என் பையை எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிறு முழுவதும் பாசிர் ரிஸ் கடற்கரையில் இருந்தேன். மாலையில் ஷாலினியின் குரல்செய்தி: "நல்லபடியா முடிஞ்சது. ஒருத்தர் வந்து உங்களப் பத்திக் கேட்டார், பேரச் சொல்லி. செவ்வாக்கிழமை நான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசணுமாம்."

அந்த அறையில் நான் இருந்தது அங்கிருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். குணாவா, அந்தப் பெண்ணா? அல்லது என் கத்தல் படிக்கட்டு வரை கேட்டதா? தெரியவில்லை.

இதே ஆர்வத்தில் போகிறவர்களுக்கு: அனுமதியின்றி வெளிநாட்டவர் அந்தப் பூங்காவில் எந்தக் கூட்டத்திலும் சேர முடியாது. சுற்றிப் பார்க்க வந்தவர் என்பதை வாசலிலேயே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். திருப்பி அனுப்பினால் திரும்பிவிடுங்கள். திங்களன்று நான் விமானம் ஏறினேன். செவ்வாயன்று ஷாலினி தனியாகப் போனார்.