வாயு மூலைத் தொட்டி

எங்கள் தெருவில் ஒன்பது போர்வெல்கள். எட்டில் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. தோல் தொழிற்சாலைக் கழிவு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். பின்வீட்டு அக்காவின் போரில் மட்டும் எப்படியோ நல்ல தண்ணீர். தினமும் காலையில் மோட்டார் போட்டு வீட்டுக்கு இரண்டு குடம் என்று தெருவுக்கே விடுவார். காசு வாங்க மாட்டார். ஆம்பூர்ப் பக்கம் குடிதண்ணீரைச் சும்மா கொடுக்க ஒரு மனசு வேண்டும்.

என் கணவர் தோல் தொழிற்சாலை ஒன்றின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். வீட்டில் பேச ஆரம்பித்தால் பெரிய விஞ்ஞானி. முதலாளிகள் பாலாற்றைக் கெடுத்த கதையைச் சாப்பிட்ட கை காய்கிற வரை சொல்வார். அப்பேர்ப்பட்டவர் நாங்கள் வீடு கட்டும்போது, கழிவுநீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று யாரைக் கேட்டார் தெரியுமா? செல்போன் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு மனைக்குள் சுற்றிச்சுற்றி வந்த வாஸ்துக்காரரை.

அவர் வடமேற்கைக் காட்டினார். வாயு மூலையாம். அந்த மூலைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அக்காவின் போர்.

மேஸ்திரி டியூபில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "தரை தெருப் பக்கம் சாயுதுங்க. தொட்டிய முன்னாடி போட்டா தண்ணி தானா ஓடும். பின்னாடி கொண்டுபோனா போகப்போகப் பள்ளம் ஜாஸ்தி எடுக்கணும்."

"எடு," என்றார் விஞ்ஞானி.

எடுத்தார்கள். நாலு அங்குலப் பைப்பு, பத்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு. மூலைக்குப் போய்ச் சேரும்போது பள்ளம் மேஸ்திரியின் மார்பளவு வந்துவிட்டது. அதற்கும் கீழே சிமெண்ட் உறைகளை இறக்கினார்கள். அடியில் தளம் போடவில்லை. போட்டால் சீக்கிரம் நிரம்பும், அடிக்கடி லாரி கூப்பிட வேண்டும். போடாவிட்டால் மண் குடித்துக்கொள்ளுமாம். இதையே ஒரு முதலாளி செய்திருந்தால் இவர் எத்தனை நாள் பேசியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"இன்னாங்க, அக்கா போரு பக்கத்துலயே இருக்குதே?" என்றேன்.

"அது எரநூறு அடி போரு. நம்ம வீட்டுத் தண்ணில இன்னா டேனரி குரோமியமா இருக்குது? பேஜார் பண்ணாத."

ஊருக்குத்தான் உபதேசம். நானும் அதற்குமேல் பேசவில்லை. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. எனக்கும் புது பாத்ரூம் வேண்டியிருந்தது. இன்றைக்கு அவரைத் திட்டுகிற இந்த வாய் அன்றைக்கு எங்கே போயிருந்ததோ. நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

உறைகளுக்கு மூடி போடுவதற்கு முன் அக்கா சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இன்னா பாப்பா, இவ்ளோ ஆழம்?"

"மழைத்தண்ணி தொட்டிக்கா," என்றேன். கூசாமல் வந்தது.

"நல்லது செஞ்சீங்க. எம் போருக்கும் ஊறும்," என்று சிரித்தார்.

அந்த ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலை குடத்தோடு போனேன். அக்கா மோட்டாரை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். "புடிக்காதம்மா. ஒரே நாத்தம். பாரு, கடைசில டேனரிக்காரன் எம் போரையும் விட்டு வைக்கல." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

தெருவே கூடியது. கலெக்டருக்கு மனு கொடுப்பதென்று முடிவாயிற்று. விஷயம் தெரிந்தவர், எழுதத் தெரிந்தவர் என் கணவர்தானே? எங்கள் புது ஹாலில் உட்கார்ந்து முதலாளிகளைக் கிழி கிழி என்று கிழித்து மூன்று பக்கம் எழுதினார். தொட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. எல்லோரும் தலையாட்டிக் கேட்டார்கள்.

அக்கா முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் பேனாவை நீட்டினார். இரண்டாவது கையெழுத்து என்னுடையது.