மஞ்சள் கோட்டு மேல மூணு பேர்

எங்க ஃபேக்டரிக்குள்ள நடக்கறதுக்குன்னு ஒரு பாதை இருக்கு. ரெண்டு பக்கமும் மஞ்சள் கோடு. அதுக்கு உள்ளதான் நடக்கணும்கிறது ரூல்.

நான் மட்டும் கோட்டு மேலேயே நடப்பேன்.

எனக்கு மல்டிபிள் ஸ்கிலீரோசிஸ். நரம்பைப் பிடிச்ச நோய், நடக்கறப்ப பேலன்ஸ் போயிடும். தரையில கோடு போட்டு, அடி ஒட்டி அடி வச்சு தினமும் நடக்கச் சொன்னாங்க பிசியோதெரபி மேடம். வாலாஜாபாத்ல எங்க வூட்டு ஹால்ல கோடு போட ஏது இடம்? ஷிஃப்ட் முடிஞ்சா காலும் வராது. அதனால மதியம் கேன்டீன்ல சீக்கிரமா சாப்பிட்டுட்டு இந்தக் கோட்டு மேலயே நடக்கறேன். கூட வேலை செய்யறவங்க யாருக்கும் காரணம் தெரியாது.

இன்னைக்கு பாதி தூரத்துல பின்னாடி ஏதோ சத்தம். திரும்பினா, திங்கக்கிழமை புதுசா வேலைக்குச் சேர்ந்த ரெண்டு பொண்ணுங்க கையை விரிச்சுக்கினு, கோட்டு மேல அடி ஒட்டி அடி வச்சு வர்றாங்க.

கிண்டல் பண்றாங்கன்னு நெனச்சேன். முகமெல்லாம் சூடாயிடுச்சு. "இன்னா பண்றீங்க?"ன்னேன்.

ரெண்டு பேர்ல திருநெல்வேலிப் பொண்ணு பயந்துட்டா. "இப்பிடித்தானக்கா நடக்கணும்? நீங்க ஆறு வருச சீனியர்னு சொன்னாவ. அதான் உங்களப் பாத்து நடந்தோம்."

உண்மையைச் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா "கீழ பாக்காதீங்க, நேரா பாத்து நடங்க"ன்னேன். அது மேடம் எனக்குச் சொன்னது.

நோய் வந்ததுலேர்ந்து வூட்லயும் ஆஸ்பத்திரியிலயும் எல்லாரும் என் நடையைத் திருத்தத்தான் பாத்தாங்க. அதுதான் சரியான நடைன்னு நம்பினவங்க இவங்க ரெண்டு பேர்தான்.

நாளைக்கு சேஃப்டி ஆபீசர் எங்க மூணு பேரையும் பிடிச்சா என்ன சொல்றது? யோசனை இருந்தா கமென்ட்ல போடுங்க.