பாதிக் கோட்டை

சிலமலையில் வீடும் போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டமும் வைத்திருந்த ஒருவரின் மகளை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஒரு தை மாதம் பெண் பார்க்கப் போயிருந்தேன். "எங்க தோட்டம் முச்சூடும் ஏத்தம். மூச்சு வாங்குற ஆளுக்குப் பொண்ணு கெடையாது," என்று சொன்ன அவர், என்னைச் சோதிக்கவென்றே குன்றின்மேல் இடிந்து கிடந்த பழைய கோட்டைக்குக் கூட்டிப் போனார்.

நானோ போடியில் கடையில் உட்கார்ந்தே வளர்ந்தவன். இருபதாவது படியிலேயே நெஞ்சுக்குள் தறி ஓடியது. காட்டிக்கொள்ளாமல் ஒரு கல்லைத் தடவி, "என்ன வேலைப்பாடு ஐயா," என்றேன்.

"நல்லாப் பாருங்க தம்பி, அவசரமில்ல," என்று அவர் பக்கத்துக் கல்லில் பொத்தென்று உட்கார்ந்தார். அவருக்கும் இரைத்தது. ஜீப்பு வாங்கியதிலிருந்து அவரும் நடப்பதை விட்டிருந்தார்.

அப்புறம் பத்தடிக்கு ஒரு கல் எங்களை மயக்கியது. மலைமஞ்சு எங்கள் கால்களுக்கிடையே புகுந்து, சிரமமே இல்லாமல் முந்திக்கொண்டு மேலே போயிற்று. உடைந்து நின்ற முதல் வாசலில் அவர் சொன்னார்: "மேல இருக்கிறதும் இதே கல்லுதான் தம்பி. உச்சி வரைக்கும் போனோம்னு சொல்லிருவோம்."

வீட்டில் அவர் மனைவி மோர் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "உச்சிச் சுனையில தண்ணி கெடக்கா?"

"வத்திப் போச்சு," என்றார் அவர். அதே நேரத்தில், "ததும்புது," என்றேன் நான்.

"ரெண்டு பேரும் வேற வேற மலைக்குப் போயிட்டு வந்தீகளாக்கும்?"

கதவுக்குப் பின்னால் பெண் சிரிப்பது கேட்டது. அவர் மோரை ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

"அது கெடக்கட்டும். மாப்ளைக்குத் தோதா ஒரு நாளை வெரசாப் பாரு."